காசநோயைக் கண்டறிய எந்த மூலக்கூறுப் பரிசோதனை? சிபிநாட், ட்ரூநாட், எல்பிஏ: ஓர் ஒப்பீடு

பென்னாகரத்தை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த பெண்மணி ஆய்வக வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: “சார், பக்கத்து ஆஸ்பத்திரியில ட்ரூநாட் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. சொந்தக்காரர் ஒருத்தர், சிபிநாட்தான் சரியா காட்டும், சேலத்துக்குப் போய் எடுங்கன்றாரு. வெளியில ஒரு லேப்ல பிசிஆர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாங்க எதை எடுக்கறது?” அவருடைய கணவர் பெங்களூருவில் கட்டட வேலை பார்ப்பவர். மூன்று வாரத்துக்கு மேலாக இருமல், மாலையானால் காய்ச்சல், இடுப்பில் நிற்காத கால்சட்டை. 4 ஆண்டுகளுக்கு முன் டிபி மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, உடம்பு தேறியதும் நிறுத்தியிருந்தார்.

இதே கேள்வியைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். எந்தக் கருவி உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. கிருமியின் மரபணுவைத் தேடிப் படிக்கும் இந்த மூலக்கூறுப் பரிசோதனைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்வதற்காக உருவானவை. ஆகவே கேள்விகளை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகு பரிசோதனைகளைப் பார்ப்போம்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, சளியில் கிருமி எவ்வளவு குறைவாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடிகிறது என்பது. நுண்ணோக்கியில் சளியைப் பார்க்கும் பழைய முறையில், ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குப் படும். நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள், குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோரின் சளியில் அந்த அளவு பெரும்பாலும் இருப்பதில்லை. “சளியில் ஒன்றும் இல்லை” என்ற தாளை நம்பி வீட்டுக்குப் போய், இரண்டு மாதம் கழித்து இரத்தம் கக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, எந்த மருந்து வேலை செய்யாது என்பதைப் பரிசோதனை சொல்கிறதா என்பது. காசநோய்ச் சிகிச்சையின் இரண்டு தூண்கள் ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும். சில பரிசோதனைகள் ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டும் பேசும். ஐசோநியாசிடைப் பற்றி வாய் திறக்காது. இந்த வேறுபாட்டை நோயாளிகளுக்கு யாரும் விளக்குவதில்லை என்பதே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

மூன்றாவது, முடிவு கைக்கு வரும் நேரம். கருவிக்குள் எத்தனை மணி நேரம் என்பதோடு, வீட்டிலிருந்து புறப்பட்டு முடிவைக் கையில் வாங்கும் வரை எத்தனை நாள் என்பதையும் கணக்கிட வேண்டும். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வருபவருக்கு இரண்டாம் முறை வருவது என்றால் இன்னொரு நாள் கூலி போனது என்று பொருள். நான்காவது, மின்சாரம், வெப்பம், பராமரிப்பு ஆகியவற்றுக்குக் கருவி எந்த அளவு ஈடுகொடுக்கிறது என்பது. ஐந்தாவது, சளி அல்லாத மாதிரிகளிலும், அதாவது கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த நீர், முதுகுத்தண்டு நீர் போன்றவற்றிலும், பரிசோதனை நம்பத்தக்கதா என்பது.

பணத்தை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் இந்தப் பரிசோதனைகள் அரசு மையங்களில் இலவசம். மறைமுகச் செலவுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## சிபிநாட்

ஜீன் எக்ஸ்பெர்ட் என்ற கருவியில் கார்ட்ரிட்ஜ் வைத்துச் செய்வதைத்தான் நம் மருத்துவமனைகளில் சிபிநாட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதை ஏற்றது. செய்முறை எளிது: சளியோடு இரண்டு பங்கு கரைப்பான் சேர்த்து, நன்றாகக் குலுக்கி, 15 நிமிடம் வைத்து, இடையில் மறுபடி ஒரு முறை குலுக்கினால் கெட்டியான சளி தண்ணீர்போல் இளகும். அதில் 2 மில்லிலிட்டரை உறிஞ்சிக் கார்ட்ரிட்ஜுக்குள் விட்டு, மூடி, கருவியின் சிறு கதவைச் சாத்தினால் போதும். கிருமியை உடைப்பது, மரபணுவைப் பிரிப்பது, பெருக்குவது, படிப்பது எல்லாம் உள்ளேயே நடந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள், காசநோய்க் கிருமி உண்டா என்பதும் ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் ஒரே நேரத்தில் வந்துவிடும். மனிதக் கை குறைவாகப் படுவது இதன் பெரிய பலம்.

பழைய கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 130 கிருமிகள் இருந்தால் காட்டும். 2017இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 16 கிருமிகளையே காட்டிவிடும். நேரமும் சுமார் 80 நிமிடம்தான். ஆனால் இந்தக் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நுரையீரல் காசநோய் உள்ள 100 பேரில் பழைய கார்ட்ரிட்ஜ் சுமார் 85 பேரையும் அல்ட்ரா சுமார் 91 பேரையும் கண்டுபிடித்தன. நோய் இல்லாதவர்களில் சரியாக “இல்லை” என்று சொன்னதோ முறையே 98, 96 பேருக்கு. முன்பு காசநோய் வந்து குணமானவரின் நுரையீரலில் செத்த கிருமியின் மரபணு துணுக்குத் துணுக்காகச் சில ஆண்டுகள் தங்கியிருக்கக்கூடும். அல்ட்ரா அதையும் பிடித்துவிடும். அறிக்கையில் “டிரேஸ்” என்று வந்தால் மிக நுண்ணிய அளவில் தடயம் தெரிகிறது என்று பொருள். அப்போது ரிஃபாம்பிசினைப் பற்றிய விடையும் கிடைக்காது. குழந்தைக்கோ, எச்ஐவி உள்ளவருக்கோ, முதுகுத்தண்டு நீரிலோ டிரேஸ் வந்தால் நோய் உண்டு என்றே கொள்ள வேண்டும். கடந்த 5 ஆண்டுகளுக்குள் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு அப்படி வந்தால், எக்ஸ்ரேயையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

கருவி 30 டிகிரிக்குள் இருக்கும் அறையையும் தடையில்லா மின்சாரத்தையும் கேட்கும். கார்ட்ரிட்ஜ்களை 2 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரி வெயிலில் ஏசி பழுதானால் என்ன ஆகும் என்பது ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஓட்டத்தின் நடுவே மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் கார்ட்ரிட்ஜ் வீண். நோயாளி மறுபடி சளி தர வேண்டும். ஆண்டுதோறும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். நான்கு அறை கொண்ட கருவியில் ஓர் அறை பழுதானால் வரிசை நீண்டுவிடும். ஆகவே இது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தலைமை மருத்துவமனை போன்ற, ஏசியும் ஆள்பலமும் உள்ள இடங்களுக்குப் பொருந்துகிறது.

சளி அல்லாத மாதிரிகளுக்கு என் முதல் தேர்வு சிபிநாட்தான். கழுத்துக் கட்டி, மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகத்தில் எடுத்த முதுகுத்தண்டு நீர், சளி துப்பத் தெரியாத குழந்தையின் வயிற்று நீர், ஏன், மலம்கூட இதில் பார்க்கப்படுகிறது. நெஞ்சுக்கூட்டு நீரில் மட்டும் “இல்லை” என்று வந்தால் அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. அந்த நீரில் கிருமி பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருக்கும்.

## ட்ரூநாட்

இது நம் நாட்டில் உருவானது. ஆய்வு நடந்தது நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூருவில். தயாரிக்கும் மோல்பியோ நிறுவனம் கோவாவில் உள்ளது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றது.

இரண்டு சிறு பெட்டிகள்: ஒன்று சளியிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும், மற்றது கட்டைவிரல் அகலச் சிப்பில் அதைப் பெருக்கிப் படிக்கும். இரண்டும் பேட்டரியில் ஓடும். 40 டிகிரி வெப்பம் வரை தாங்கும். ஏசி அறை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் வைத்தும், வண்டியில் ஏற்றி மலைக் கிராம முகாமுக்குக் கொண்டுபோயும் பரிசோதிக்கலாம் என்பதால், நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. சளியில் கிருமி உண்டா என்பதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். துல்லியத்திலும் பழைய சிபிநாட் கார்ட்ரிட்ஜோடு ஒப்பிடத்தக்கது. உறவினர் சொன்னார் என்பதற்காக, பக்கத்தில் ட்ரூநாட் இருக்கும்போது சிபிநாட்டைத் தேடி 65 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டிய தேவை நுரையீரல் காசநோய்க்கு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

குறை எங்கே என்றால், ரிஃபாம்பிசினைப் பற்றிய விடை தானாக வராது. முதல் சிப்பில் கிருமி இருப்பது தெரிந்த பிறகு, அதே மரபணுக் கரைசலை எடுத்து இரண்டாவது சிப்பில் விட்டு இன்னொரு மணி நேரம் ஓட்ட வேண்டும். நெரிசலான நாளில், அல்லது அந்தச் சிப் இருப்பில் இல்லாத நாளில், அது தள்ளிப்போகும். “டிபி இருக்கிறது” என்ற தாளோடு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். எனவே ட்ரூநாட் எடுத்தவர்கள் “ரிஃப் பார்த்தாச்சா?” என்று கேட்பதை மறக்கக் கூடாது. கிருமி மிகக் குறைவாக இருந்தால் இரண்டாவது சிப் “தீர்மானிக்க இயலவில்லை” என்று சொல்வதும் உண்டு. அப்போது புதிய சளி கொடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று, கரைசலை நுண்குழாயால் 6 மைக்ரோலிட்டர் அளந்து சிப்பின் குழியில் விடுவது மனிதக் கையின் வேலை. குமிழி விழுந்தால் முடிவு கெடும். பழகிய ஆய்வக நுட்புநர் இருக்கும் இடத்தில் இது பொருட்டல்ல. ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் பொருட்டுதான்.

## எல்பிஏ

மேலே சொன்ன இரண்டும் அன்றாடப் பயன்பாட்டில் ரிஃபாம்பிசினோடு நின்றுவிடுகின்றன. ஐசோநியாசிடையும் சேர்த்துப் பார்ப்பது லைன் புரோப் அசே எனும் எல்பிஏ. உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே பரிந்துரைத்த இந்த முறையைப் பற்றித்தான் நோயாளிகளுக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது.

விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. முதல் வரிசை மருந்துகளுக்கான பட்டையில் 27 கோடுகளுக்கான இடங்கள் உண்டு. நோயாளியின் கிருமியிலிருந்து பெருக்கிய மரபணுவில் பட்டையை ஊறவைத்து நிறமேற்றினால், பொருந்திய இடங்களில் மட்டும் கருநீலக் கோடு எழும். இயல்பான மரபணுவுக்கான கோடு மறைந்து, மாறிய மரபணுவுக்கான கோடு எழுந்திருந்தால் அந்த மருந்து வேலை செய்யாது. கோடு எந்த மரபணுவில் மாறியிருக்கிறது என்பதும் சிகிச்சையைத் தீர்மானிக்கும்: கேட்ஜி மரபணுவில் என்றால் ஐசோநியாசிட் பெரும்பாலும் பயனற்றது, ஐஎன்எச்ஏ என்ற மரபணுவில் மட்டும் என்றால் அளவைக் கூட்டிக் கொடுத்துப் பயன் காண வாய்ப்புண்டு, ஆனால் எத்தியோனமைடு என்ற இன்னொரு காசநோய் மருந்து கைவிடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2014 முதல் 2016 வரை நம் நாட்டில் நடந்த மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில், புதிய நோயாளிகளில் 100க்கு 11 பேருக்கும், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 25 பேருக்கும் ஐசோநியாசிட் எதிர்ப்பு இருந்தது. இவர்களில் ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமி உள்ளவர்களைச் சிபிநாட்டும் ட்ரூநாட்டும் “ரிஃபாம்பிசின் வேலை செய்யும்” என்றே அறிக்கை கொடுத்து அனுப்பும். அந்த அறிக்கை பொய்யில்லை, பாதி உண்மை. அவர்கள் வழக்கமான மாத்திரையையே தொடர்ந்தால், ஒரு தூண் இல்லாத கட்டடத்தில் குடியிருப்பதைப்போல் ஆகிவிடுகிறது. மீதி மருந்துகளுக்கும் கிருமி பழகிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. முன்கூட்டியே தெரிந்தால், லெவோஃப்ளாக்சசின் சேர்த்த வேறொரு 6 மாதச் சிகிச்சை இருக்கிறது.

இதன் மறைமுகச் செலவு காலம். ஆய்வகத்துக்குள் இரண்டு மூன்று நாளில் முடியும் வேலைதான். ஆனால் மாசு கலக்காமலிருக்கத் தனித்தனி அறைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும் என்பதால் குறிப்பு ஆய்வகங்கள் எனும் பெரிய மைய ஆய்வகங்களில்தான் செய்ய முடியும். சளி குளிர்ப்பெட்டியில் அங்கே போக வேண்டும். நுண்ணோக்கியில் கிருமி தெரியும் அளவுக்குச் செறிவான சளியாக இருந்தால்தான் நேரடியாகச் செய்யலாம்; இல்லையென்றால் முதலில் கல்ச்சரில் கிருமியை வளர்க்க வேண்டும். திரவ ஊடகத்தில் அதற்கு 6 வாரம் வரை பிடிக்கலாம். அதற்குள் நோயாளி பெங்களூருவுக்கோ ஓசூர் சிப்காட்டுக்கோ வேலைக்குத் திரும்பியிருப்பார். கைபேசி எண் மாறியிருக்கும். முடிவு வந்தும் ஆளுக்குப் போய்ச் சேராத சோகம் இப்படித்தான் நேர்கிறது. நிக்ஷய் எண்ணை, அதாவது அரசின் காசநோய்ப் பதிவேட்டில் நோயாளிக்குத் தரும் எண்ணை, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் நாட்டில் எந்த அரசு மையத்திலும் அதைக் காட்டிச் சிகிச்சையைத் தொடரலாம். இதை ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிச் சொல்கிறேன்.

## மற்றவை

டிபி லாம்ப் என்ற முறை 2016இல் பரிந்துரைக்கப்பட்டது. கிருமி உண்டா என்பதை மட்டும் சொல்லும், மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம் பகுதியில் அதை நாடிப் போக வேண்டியதில்லை. எக்ஸ்பெர்ட் எக்ஸ்டிஆர் என்ற கார்ட்ரிட்ஜ் ஐசோநியாசிடையும் வேறு சில மருந்துகளையும் ஒரே நாளில் பார்க்கும். அதற்கு 10 நிறம் படிக்கும் புதிய கருவி வேண்டும். கிடைக்கும் இடத்தில் அது எல்பிஏவின் காத்திருப்பைப் பெருமளவு குறைக்கும். தனியார் ஆய்வகத்தில் “டிபி பிசிஆர்” என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தக் கருவி, மருந்து எதிர்ப்பு பார்க்கப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோயைச் சொல்லும் பரிசோதனைகளை மத்திய அரசு 2012இல் தடை செய்துவிட்டது.

| | சிபிநாட் | ட்ரூநாட் | எல்பிஏ |
|---|---|---|---|
| கருவியில் ஆகும் நேரம் | 2 மணிக்குள் | 1 மணி. ரிஃப் பார்க்க இன்னொரு மணி | 2–3 நாள். கல்ச்சர் தேவையானால் வாரங்கள் |
| ரிஃபாம்பிசின் | அதே ஓட்டத்தில் | இரண்டாவது சிப்பில் | ஆம் |
| ஐசோநியாசிட் | இல்லை | இல்லை | ஆம் |
| மின்சாரம், வெப்பம் | ஏசி, யுபிஎஸ் தேவை | பேட்டரி. 40 டிகிரி வரை | முழு ஆய்வகம் தேவை |
| சளி அல்லாத மாதிரி | மிகப் பொருத்தம் | முதன்மையாகச் சளிக்கு | பெரும்பாலும் கல்ச்சர் வழியாக |

## யாருக்கு எது

முதல் முறையாக இருமலோடு வருபவருக்கு, சிபிநாட்டோ ட்ரூநாட்டோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அதுவே சரி. ஒரு வாரம் தள்ளிப்போடுவதைவிட இன்றைக்குக் கிடைக்கும் கருவி மேலானது. ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத புதிய நோயாளிக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு என்று வந்தால், பதறாமல் புதிய சளியில் ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரியிலும் கிரானைட் பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் தூசி சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும். எக்ஸ்ரேயில் எது தூசியின் தழும்பு, எது கிருமியின் வேலை என்று பிரிப்பது கடினம். அவர்களுக்கு முதல் சளியில் இல்லை என்று வந்தாலும் விட்டுவிடாமல், கிடைத்தால் அல்ட்ராவும் அதோடு கல்ச்சரும் எடுப்பது நல்லது.

முன்பு மாத்திரை சாப்பிட்டவர், பாதியில் விட்டவர், மருந்து எதிர்ப்பு உள்ளவரோடு ஒரே அறையில் தங்கியவர் ஆகியோருக்குச் சிபிநாட் அல்லது ட்ரூநாட், அதில் கிருமி தெரிந்தால் எல்பிஏ, இரண்டும் வேண்டும். முதல் பரிசோதனையில் கிருமி உறுதியான அனைவருக்குமே எல்பிஏ அனுப்புவது திட்டத்தின் வழிமுறையில் உள்ளதுதான். அனுப்பினார்களா என்று நோயாளி கேட்கும்போது அது தவறிப்போவதில்லை.

சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த பிறகோ குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்த மூலக்கூறுப் பரிசோதனைகள் எதுவும் கூடாது; செத்த கிருமியின் மரபணுவையும் அவை படித்துவிடும். 6 மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு முடித்த இளைஞர் ஒருவர், தனியார் ஆய்வகம் ஒன்றில் பிசிஆர் எடுத்து, கிருமி இருப்பதாக வந்ததும் நிச்சயித்திருந்த திருமணத்தையே தள்ளிவைத்தார். நுண்ணோக்கியிலும் கல்ச்சரிலும் ஒன்றும் இல்லை. அந்த வீடு இரண்டு மாதம் அழுதது. தொடர்கண்காணிப்புக்கு நுண்ணோக்கியும் கல்ச்சரும்தான்.

முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை மிகக் குறைந்தவர், மூச்சு வாங்குபவர், கால் வீங்கியவர், பிடிக்காமல் நிற்க முடியாதவர் ஆகியோருக்குப் பரிசோதனையைவிடப் படுக்கைதான் அவசரம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இவர்களைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்காகவே வந்தது.

## சளி

எந்தக் கருவியானாலும் அதன் பலம் குப்பியில் இருக்கும் சளியின் பலம்தான். பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருகிறார்கள். அதில் அல்ட்ராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பெண்மணியிடம், சேலம் போக வேண்டாம், பக்கத்திலேயே ட்ரூநாட் எடுங்கள், ரிஃப் சிப்பையும் கேட்டு வாங்குங்கள், கிருமி தெரிந்தால் இரண்டாவது குப்பியை எல்பிஏவுக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு குப்பிகளைக் கையில் கொடுத்து, “காலையில எழுந்ததும் அண்ணனைத் தண்ணியால வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கம்மா. வீட்டுக்குள்ள வேணாம், வெளியில காத்தாட நின்னு, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சு, அடிநெஞ்சுல இருந்து இருமித் துப்பணும். 2 மில்லிக்குக் குறையக் கூடாது. மூடியை இறுக்கி, வெயில் படாம கொண்டாங்க” என்று சொல்லி, குப்பியில் கோடு போட்டும் காட்டினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஈரத்துணி சுற்றிய பையிலிருந்து அவர் எடுத்து வைத்த இரண்டு குப்பிகளிலும் மஞ்சள் நிறத்தில் கெட்டியான சளி அந்தக் கோட்டுக்கு மேலேயே இருந்தது.